மழை நாளில் சைக்கிள் எங்கே வழுக்கும், ஏன் வழுக்கும்

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி செல்சியஸ்தான். சாலையில் பனிக்கட்டி உறையும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆனாலும் பனிநாடுகளில் குளிர்காலம் முழுக்க சைக்கிள் மிதிப்பவர்கள் கற்றுவைத்திருக்கும் சில பழக்கங்கள், ஈசூனிலோ துவாசிலோ மழையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கும் அப்படியே பொருந்தும். நம் ஊர்ச் சாலை மழையில் மொத்தமாக வழுக்குவதில்லை. ஓரளவு நல்ல பிடியுள்ள தார்ச்சாலையின் நடுவே, பனிக்கட்டியை நெருங்கும் அளவுக்கு வழுக்கும் திட்டுகள் அங்கங்கே கிடக்கின்றன. மேன்ஹோல் மூடி, வடிகாலின் கம்பிமூடி, சாலைப் பணிக்காகப் போட்ட இரும்புத் தகடு, பெயின்ட் கோடு, பாசி பிடித்த மரப்பலகைப் பாதை எல்லாமே அந்த வகை. ஆளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் இவைதான்.

மழைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை, மொத்தம் 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நின்று பெய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ‘சுமத்ரா’ சூறைக்காற்று விடியலுக்கு முன்னோ காலையிலோ வந்து ஓரிரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை. சைக்கிளோட்டிக்கு இவற்றுள் எது மோசம் என்றால், பலர் நினைப்பதுபோல நாள் முழுக்கப் பெய்யும் டிசம்பர் மழை இல்லை. சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான். வண்டிகள் சொட்டிய எண்ணெய், டயர் தேய்ந்த ரப்பர்த் தூள், புழுதி எல்லாம் முதல் 10, 15 நிமிடத் தூறலில் ஊறி வழவழப்பான படலமாகிவிடும். பெருமழை கொட்டினால் அது அடித்துக்கொண்டு போய்விடும். வெறும் தூறலோடு நின்றுவிட்டால் அந்தப் படலம் சாலையிலேயே கிடக்கும். ஆகவே ‘லேசான தூறல்தானே’ என்று வேகத்தைக் குறைக்காமல் போவதுதான் தப்பு.

வழுக்கலை எண்ணால் சொல்வதற்கு உராய்வுக் கெழு என்ற அளவு இருக்கிறது. டயரின் மேல் இறங்கும் எடையில் எத்தனை பங்கு அளவுக்குப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ இழுத்தால் டயர் வழுக்கத் தொடங்கும் என்பதே அது. காய்ந்த தார்ச்சாலையில் இது ஏறத்தாழ 0.7 முதல் 0.8. நனைந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.5. நனைந்த இரும்பிலும் வழவழப்பான பெயின்டிலும் 0.2, 0.3 என்று சரிந்துவிடும். உருகும் நிலையில் உள்ள பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. நனைந்த தாருக்கும் நனைந்த இரும்புக்கும் உள்ள இடைவெளி, காய்ந்த தாருக்கும் நனைந்த தாருக்கும் உள்ள இடைவெளிக்குக் குறைந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மழை சாலையின் பிடியை ஓரளவுதான் குறைக்கிறது. சாலையில் பதித்த இரும்பின் பிடியையோ கிட்டத்தட்ட பிடுங்கிவிடுகிறது.

இனி திருப்பம். 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டி ஏறத்தாழ 20 பாகை சாயும். அதற்குத் தேவையான உராய்வு 0.35. நனைந்த தார் இதைத் தாங்கும், இரும்பு தாங்காது. அதே வளைவில் 10 கிலோமீட்டராகக் குறைத்தால் தேவை 0.16 ஆகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. தேவைப்படும் பிடியோ பாதிக்கும் கீழே போய்விட்டது. வேகத்தின் இருமடியைப் பொறுத்து இது மாறுவதே காரணம். நடைபாதைக்கு விதித்திருக்கும் வேக வரம்பும் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் என்பது இங்கே ஒத்துப்போகிறது. ஆனால் அதை நம்பி அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணைச் சுற்றித் திரும்பிவிட முடியாது. அங்கே வளைவின் ஆரம் 2 மீட்டர்கூட இருக்காது. 10 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 0.39 வேண்டும். தரையோ குடைகள் சொட்டிய நீர் தேங்கிய வழவழ ஓடு. ஆள் நடக்கும் வேகம், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே அங்கே தப்பலாம். இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை பல இடங்களில் மாட்டியிருப்பார்கள். மழை நாளில் அது நடப்பவரின் பாதுகாப்புக்கு மட்டுமான பலகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா இரும்பும் ஒன்றல்ல. நீளம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மேலே சொன்ன அதே வளைவு, அதே 15 கிலோமீட்டர் வேகம். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மேன்ஹோல் மூடியைச் சக்கரம் கடக்க 0.14 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் சக்கரம் பக்கவாட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நழுவும். அதற்குள் மறுபடி தார் வந்துவிடும். வயிற்றில் ஒரு திடுக்கிடலோடு தப்பித்துக்கொள்ளலாம். 2 மீட்டர் நீளமுள்ள தகடு என்றால் கடக்க அரை நொடி. நழுவும் தூரம் 17 சென்டிமீட்டர் ஆகிவிடும். சாய்ந்திருக்கும் வண்டியின் முன்சக்கரம் அவ்வளவு விலகினால் நிமிர்த்த வழியில்லை. குறுக்குத் தீவு ரயில் பாதைக்கும் ஜூரோங் வட்டாரப் பாதைக்கும் வடக்கு-தெற்கு பெருவழிக்கும் வேலை நடக்கும் சாலைகளில் இத்தகைய பெரிய தகடுகளைப் பார்க்கலாம். நெடுக்காக ஓடும் மஞ்சள் இரட்டைக் கோட்டின் மேலேயே ஓட்டுவதும் இதே கணக்குத்தான்: ஒரு கோட்டைக் குறுக்கே கடப்பது நொடியில் சிறு பகுதி, அதன் மேலேயே போவது முழு நேர ஆபத்து.

இங்கேதான் பனிநாட்டுப் பழக்கம் உதவும். பனித்திட்டில் ஏறிவிட்டால் அவர்கள் செய்வது ஒன்றுமில்லை. பிரேக் இல்லை, திருப்பம் இல்லை, மிதிப்பதும் இல்லை. வண்டி நேராக நிமிர்ந்து உருண்டுகொண்டிருக்கும்வரை பக்கவாட்டுப் பிடியே தேவைப்படாது, 0.1 இருந்தாலும் போதும். டயரிடம் இருப்பது ஒரே பிடிதான். அதைத்தான் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் மிதிக்கும் விசைக்கும் பங்கு போட வேண்டியிருக்கிறது. ஆகவே தகட்டுக்கு முன்னால், தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, வண்டியை நிமிர்த்தி, பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து, முழங்கையைத் தளர்த்தி உருண்டு கடக்க வேண்டும். திருப்பம் அடுத்த தார்ப்பகுதியில்தான். கண் தகட்டையே வெறித்துக்கொண்டிருக்கக் கூடாது. கடந்தபின் போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். திடீரென்று தகட்டின் மேல்தான் கண்ணில் பட்டது என்றால், பதறிப்போய் முன்பிரேக்கைப் பிடிப்பதைவிட ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல்.

விளிம்புகளுக்கு வேறு கணக்கு. தகட்டின் ஓரம், மேம்பாலத்தின் இணைப்புப் பட்டை, பாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவின் கீழ் உதடு, இவை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். காய்ந்த நாளில் சாய்வாகவே ஏறிவிடலாம். நனைந்தால் டயர் அந்த விளிம்பின் மேல் ஏறாமல் அதையொட்டியே சறுக்கி ஓடும். ஆள் ஒருபக்கம், வண்டி ஒருபக்கம். செங்குத்தாக, முடியாவிட்டால் 45 பாகைக்குக் குறையாமல் கடக்க வேண்டும். சரிவுப் பாதைகளின் தலைப்பில் பார்வையற்றோருக்காகப் பதித்த மேடுபள்ள ஓடுகளிலும் பிரேக்கை விட்டு நேராகப் போவதே சரி.

இலை, பூ, பாசியையும் சொல்ல வேண்டும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பொடி இலைகள் மழையில் உதிர்ந்து தாரோடு ஒட்டிக்கொள்ளும். அங்சானா மரம் பூக்கும் நாள்களில் பாதை முழுவதும் மஞ்சள் விரிப்பு. பார்க்க அழகு, டயருக்கு அடியில் நசுங்கினால் கூழ். வெயில் படாத நிழற்பகுதிகளில் சிமென்ட் பாதையின் மேல் மெல்லிய பச்சைப் பாசி படரும். கரையோர மரப்பலகைப் பாதைகளில் அது இன்னும் அடர்த்தி. பாசி நனைந்த இரும்புக்குச் சளைத்ததில்லை. மரப்பலகைகள் பயணத் திசைக்கு இணையாகப் பதிந்திருந்தால், பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்தில் மெல்லிய டயர் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

சாலையில் போகிறவர்கள் இடது ஓரமாகச் செல்ல வேண்டும் என்பது விதி. அதற்காக மஞ்சள் கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு போவது நல்லதல்ல. கம்பிமூடி, தேங்கிய நீர், மணல், கண்ணாடித் துண்டு எல்லாம் ஒதுங்குமிடம் அதுதான். கோட்டுக்கு வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, வளையாத ஒரே கோட்டில் போனால் பின்னால் வரும் ஓட்டுநருக்கும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று தெரியும். கம்பிமூடிகளை ஒவ்வொன்றாகத் தவிர்க்க உள்ளே வெளியே நெளிவதுதான் உண்மையான ஆபத்து. நீர் தேங்கிய குட்டையின் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிப் போக முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து நேராகப் போகலாம்.

டயரில் பட்டன் பட்டனாக வார்ப்பு இருந்தால்தான் மழையில் பிடிக்கும் என்று நம்பிப் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். காருக்கு அது சரி. காரின் அகலமான டயர் வேகத்தில் நீரின் மேல் மிதந்துவிடும், பள்ளங்கள் அந்த நீரை வெளியேற்றும். மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) அழுத்தமுள்ள டயருக்கு அது மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள் அதை எட்டப்போவதில்லை. தார்ச்சாலையில் வழவழ டயரே நன்றாகப் பிடிக்கும். பெரிய பொத்தான்களுள்ள மலைச் சைக்கிள் டயர் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பைக் குறைக்கவே செய்யும். முக்கியம் ரப்பரின் மென்மையும் காற்றின் அளவும்தான். புளோக்கின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் டயர் கட்டிப்போய் ஓரத்தில் வெடிப்பு விட்டிருக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் பதியாது. வார்ப்பு முழுசாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டியதுதான்.

காற்றைப் பொறுத்தவரை, மழை நாளில் வழக்கத்தைவிட 10 முதல் 15 விழுக்காடு குறைக்கலாம். டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது. பின்சக்கரத்தின் மேல் 45 கிலோ இறங்கினால், 90 பிஎஸ்ஐயில் 7 சதுர சென்டிமீட்டர், 60 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 11. 70 கிலோ எடையுள்ளவர் 32 மில்லிமீட்டர் டயரில் 55 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் வைக்கலாம். அதற்கும் மிகக் கீழே இறக்கினால் விளிம்பில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கிடையில் நசுங்கிப் பாம்புக்கடிபோல இரட்டைத் துளை விழும். மழையில் பஞ்சர் எப்படியும் கூடுதல்தான், நனைந்த ரப்பரைக் கண்ணாடி எளிதில் அறுக்கும். இரண்டு டயரில் ஒன்று மட்டும் புதிது என்றால் அதை முன்னால் போட வேண்டும். பின்சக்கரம் நழுவினால் வண்டி சற்றே ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் நழுவினால், விழும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் வண்டியையே நிமிர்த்துகிறோம் என்பதால், நிமிர்த்தும் வழியே போய்விடும். பனிநாட்டில், பனிக்கட்டியில் பிடிப்பதற்காக ஆணி பதித்த டயர் ஒன்றே ஒன்று வாங்க முடிந்தவர் அதையும் முன்னால்தான் போடுவார்.

பிரேக்கில்தான் இங்குள்ள வண்டிகளுக்கு இடையே பெரும் வேறுபாடு. குரோம் பூசிய எஃகு ரிம் உள்ள பழைய வண்டிகள் தங்குவிடுதிகளைச் சுற்றி இன்னும் நிறைய ஓடுகின்றன. எஃகு ரிம் நனைந்தால் ரப்பர்க் கட்டைக்குப் பிடியே கிடைக்காது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் ஒரு சிறு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். எஃகு ரிம்முக்கு நல்ல பிரேக் கட்டை போட்டாலும் ஓரளவுதான் தேறும். சக்கரத்தையே அலுமினிய ரிம்முக்கு மாற்றுவதே தீர்வு. அலுமினிய ரிம்மிலும் முதல் சில சுற்றுகள் கட்டை தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் ஓடும். நான்கைந்து சுற்று என்றால் 10 மீட்டர். நிற்கவேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே கட்டையை ரிம்மில் மெல்லத் தொடவிட்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்த வேண்டும்.

கட்டையை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அலுமினியத் துகள்கள் பளபளவென்று ரப்பரில் புதைந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை ரிம்மை அராவிக்கொண்டே இருக்கும். கட்டையில் உள்ள பள்ளக் கோடு மறைந்துவிட்டால் புதிது போடும் நேரம். லீவரை முழுசாக அழுத்தும்போது ஹேண்டில்பாரைத் தொடாமல் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். எந்தக் கை முன்பிரேக், எந்தக் கை பின்பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பகிர்வு வண்டியோ இரவல் வண்டியோ எடுத்தால் நிறுத்துமிடத்திலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் நனைந்தாலும் சட்டென்று பிடிக்கும், கொஞ்சம் கத்தும். அதற்குப் பகை எண்ணெய்தான். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே டிஸ்க் தட்டில் பட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், கட்டையில் ஊறியிருந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

உணவு விநியோகிப்பவர்கள் ஓட்டும் மின்-சைக்கிளுக்கு இன்னொரு சிக்கல். மிதித்த மாத்திரத்தில் மோட்டார் தரும் உந்தம், நனைந்த வரிக்கோட்டின் மேல் நின்றிருக்கும் பின்சக்கரத்தைச் சுழலவைத்துவிடும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கோட்டின் மேல் நிற்காமல் சற்றுப் பின்னால் தாரில் நிற்பதும், மோட்டார் உதவியை மிகக் குறைந்த நிலைக்கு இறக்கிவிட்டுக் கிளம்புவதும் போதும். பின்னால் கட்டிய பை கனமாக இருந்தால் முன்சக்கரத்தின் மேல் எடை குறையும். திருப்பத்தில் அதற்கேற்ப இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களிலும் ஆள் விழுவதுண்டு. நனைந்த பிளாஸ்டிக் பெடலில் ரப்பர்ச் செருப்பு வழுக்கி, கால் தரையிலும் கெண்டைக்கால் பெடலிலும் இடிபடும். ஈரச்சந்தையிலிருந்து திரும்புகிறவர் ஹேண்டில்பாரில் மாட்டிய பை ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் சிக்கும். ஒரு கையில் குடை பிடித்தால் ஒரு பிரேக்தான் மிஞ்சும், அதுவும் முன்பிரேக்காக இருந்தால் தகட்டின் மேல் அதைத்தான் அழுத்தத் தோன்றும். மழைக்கோட்டு போதும், குடை வேண்டாம். இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மழையில் பகலிலும் அதை எரியவிடுவதில் என்ன நட்டம்? சாலையில் ஓட்டினால் தலைக்கவசமும் கட்டாயம். இடி அருகில் கேட்கத் தொடங்கினால், பிரேக், டயர் கணக்கெல்லாம் அப்புறம். கூரைக்கு அடியில் ஒதுங்குவதே வழி. மரத்தடி ஒதுங்குமிடம் ஆகாது.

படிப்புக்கோ வேலைக்கோ குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பழக்கங்களைக் கையோடு எடுத்துப்போகலாம், ஆனால் அங்கே திட்டுத் திட்டாக இல்லாமல் தெரு முழுவதும் 0.1 ஆகிவிடும் நாள்கள் உண்டு. அப்போது திறமை மட்டும் காப்பாற்றாது, டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் வேண்டும். புதிய ஆணி டயரை முதல் 40 கிலோமீட்டர் வரை மென்மையாக, திடீர் பிரேக்கும் வேகமும் இல்லாமல் ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். மிகவும் வழுக்குவது கடுங்குளிர் நாள் என்று நினைக்க வேண்டாம். பகலில் உருகிய நீர் இரவில் மீண்டும் உறையும், பூஜ்யத்தை ஒட்டிய நாள்கள்தான். ஈரத்தார் போலவே தோன்றும் அந்தக் கண்ணாடிப் படலம் முதலில் பாலங்களில்தான் உறையும், ஏனென்றால் பாலம் மேலும் கீழும் இரு பக்கமும் வெப்பத்தை இழக்கிறது. சீட்டை இரண்டு சென்டிமீட்டர் இறக்கிவைத்தால் வண்டி நழுவும்போது காலைத் தரையில் ஊன்றலாம். ஆணி டயரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து மழையில் போட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஆணி பனிக்கட்டிக்குள் இறங்கிப் பிடிக்கும், இரும்புத் தகட்டுக்குள் இறங்காது.

வீட்டுக்கு வந்ததும் 10 நிமிட வேலை இருக்கிறது. இங்குள்ள ஈரப்பதத்தில் நனைந்த செயின் ஒரே இரவில் ஆரஞ்சு நிறமாகிவிடும். வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றி மணலைக் கழுவி, பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஈரத்தை உறிஞ்சுங்கள். காய்ந்தபின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து நிமிடம் ஊறவிட்டு மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். மிஞ்சிய எண்ணெய் மணலை இழுத்துச் சேர்க்கும். ரிம்மையும் பிரேக் தட்டையும் துடைக்க வேறு துணி. செயின் துணியால் துடைத்தால் காலையில் முதல் சந்திப்பிலேயே பிரேக் பிடிக்காது.